பக்கத்துக் கட்டில் குழந்தையின் உதடு

எழுபதுகளின் நடுவில், ஐப்பசி அடைமழை நேரத்தில், மயிலாப்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நடந்தது இது.

நான் மேலுதடு பிளந்து பிறந்தவள். குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள், மூக்குக்குக் கீழே தழும்பு மட்டும் நின்றுவிட்டது. என் கணவருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடையில் வேலை. நான் உண்டானதும் அவர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, பிறக்கிற குழந்தைக்கும் இப்படி வந்துவிட்டால்?

முன்கூட்டியே பார்த்துச் சொல்ல முடியாதா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"இங்கே அதுக்கு வழியில்லைம்மா. எக்ஸ்ரே எடுத்தாலும் எலும்புதான் தெரியும், உதடு தெரியாது. உனக்கு இருந்ததால மத்தவங்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான். ஆனா பெரும்பாலும் நல்லாவே பொறக்கும். அப்படியே வந்தாத்தான் என்ன, உன்னைத் தைக்கலையா?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியில் என் பயம் பாதி போய்விட்டது.

பெண் பிறந்தாள். என் மாமியார் முதலில் உதட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆணா பெண்ணா என்று கேட்டார். உதடு முழுசாக இருந்தது.

மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். கடற்கரைக் குப்பத்து மீனவக் குடும்பம், முதல் பிரசவம், ஆண் குழந்தை. அவனுக்கு உதடு பிளந்திருந்தது. ஒருமுறை பார்த்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஆயா எத்தனை தடவை நீட்டியும் குழந்தையை வாங்கவில்லை. அவள் மாமியார் கால்மாட்டில் நின்று சத்தம் போட்டார்.

"கெரணம் புடிக்கசொல்லோ வெளிய வராதடின்னு அடிச்சிக்கினேன். கேட்டாளா? அருவாமணைல மீன் அரிஞ்சிக்கினு குந்திகினு இருந்தா. இப்ப பாரு, புள்ளைக்கு ஒதடு போச்சு!"

"ஆமா, நான்தான் அரிஞ்சேன்" என்று அந்தப் பெண் சுவரைப் பார்த்தே அழுதாள்.

குழந்தைக்கு அண்ணம் நன்றாக இருக்கிறது, உதடு மட்டும்தான், எடை ஏறியதும் தைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பால் கொடுக்காமல் எடை எப்படி ஏறும்? அவன் அழுகை வரவர முனகலாகத் தேய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் படுத்திருக்க முடியவில்லை. என் பெண்ணை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். யாரிடம் பேசினாலும் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வது என் வழக்கம். அன்று முகத்தை அவளுக்குக் கிட்டே கொண்டுபோய், "இங்கே பாரு, எனக்கும் இதேதான்" என்றேன்.

திரும்பினாள். தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உங்கம்மா இன்னா அரிஞ்சாங்க?"

"ஒண்ணும் அரியலை. கிரகணத்தன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு அசையாமப் படுத்திருந்தாங்களாம். அப்பவும் நான் இப்படித்தான் பொறந்தேன்."

அவள் மாமியாரின் சத்தம் நின்றது. கிட்டே வந்து என் வாயையே பார்த்தார். "துன்றதெல்லாம் எப்டிம்மா?"

"முறுக்கே கடிப்பேன்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

பிறகு குழந்தையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். அவளுடைய பாலைப் பாலாடைச் சங்கில் பீச்சி, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டோம். எனக்கு என் அம்மா அப்படித்தான் புகட்டினாராம். முதலில் பாதி வெளியே வழிந்தது. அவன் இருமினான்; மூவரும் பயந்துபோனோம். முதுகைத் தட்டிவிட்டு மறுபடி விட்டதும் தொண்டை அசைந்தது.

"முழுங்கறான்க்கா!" என்று கத்தினாள். அடுத்த வேளைக்குப் பாலாடையைப் பிடித்தது மாமியார்.

மாசி மாதம் மாட வீதியில் "அக்கா!" என்று ஒரு குரல். அவள்தான். இடுப்பில் கொழுகொழுவென்று அவன். தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. உதடு சேர்ந்திருந்தது. என்னைப் பார்த்து அந்த உதட்டாலேயே சிரித்தான்.

இன்று ஸ்கேனில் இதெல்லாம் பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் கலங்கிப்போகிற தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'ஒன்றும் ஆகாது, என்னைப் பார்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. ஒரு மழை நாளில் அந்த ஆளாக நான் இருந்தேன் என்ற நினைப்பு இத்தனை வருஷமாக என்னைத் தலைநிமிர்ந்து நடக்க வைக்கிறது.