வெள்ளைச் சதை தெரியும்வரை

பிரயோங் அக்காவுக்கு மூக்கு நீளம் என்று எங்கள் கால்வாய்க்கரையில் கேலி பேசுவோம். பார்க்கச் சப்பை மூக்குதான். ஆனால் எண்பது தொட்டி வண்ணச்சேம்பு அடுக்கியிருக்கும் அறைக்குள் நுழைந்ததுமே, "மூணாவது வரிசையில ஏதோ ஒண்ணு உள்ளுக்குள்ள கெட்டுப் போகுது" என்று சொல்லிவிடுவாள். தோண்டிப் பார்த்தால் கிழங்கின் அடியில் கடுகளவு பழுப்பு இருக்கும். இலைகளோ சிவப்பும் வெள்ளையுமாக, கீழே நடப்பது எதுவும் தெரியாமல் விரிந்து நிற்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் அவளுக்கு அந்த வாசனை வந்தது. நான் காலையில் தேங்காய்ப்பால் பணியாரம் சுட்டு விற்கிறவள். அன்றைக்கு விற்றது போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தொட்டிகள் எல்லாம் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூண்டுகள் திறந்து கிடந்தன. கூண்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று போய்விட்டால் இலை துவண்டுவிடும் என்று, எனக்குப் பார்ப்பதற்குக்கூடக் கதவைத் திறந்து காட்டாதவள் அவள்.

"என்னக்கா, வீடு மாத்தப் போறியா?"

"அழுகுது நுவான். எங்கேயோ அழுகுது. மூணு நாளாத் தேடறேன், கிடைக்க மாட்டேங்குது."

அவள் புருஷன் சம்ரித் அண்ணன் பலகைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். "இதைப் பாரு கிழவி, இதுல லேசா வருது" என்று ஒன்றை நீட்டினார். அவள் மண்ணைத் தட்டிக் கிழங்கை எடுத்து, புரட்டி, மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கிழங்கு சுத்தமாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அண்ணன் என் தட்டிலிருந்து இரண்டு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர். தெரிந்தும் நான் தட்டை அவர் பக்கமாகத்தான் பிடித்தேன். எத்தனையோ வருடமாக எங்களுக்குள் இருக்கிற திருட்டு அது.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் டுரியன் பழத்தோப்பில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தபோது வண்ணச்சேம்புக்கும் கறிச்சேம்புக்கும் வித்தியாசம் தெரியாதவள். வந்த வருடமே அண்ணனின் ஆசைக் கிழங்கு ஒன்று அழுகியது. எறியப் போனவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, டுரியன் முள் சீவுகிற கத்தியால் சீவிச் சீவி, வேர்க்கடலை அளவுக்கு ஆக்கிவிட்டாள். அதில் முளை வந்தது. அன்றிலிருந்து எந்தச் சந்தில் கிழங்கு கெட்டாலும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். கத்தியைக் கொதிக்கும் நீரில் முக்கி எடுப்பாள். பழுப்பு நூல் ஒன்றுகூட மிஞ்சாமல் வெள்ளைச் சதை தெரியும்வரை சீவுவாள். வெட்டுவாயில் வெற்றிலைக்குப் போடும் செஞ்சுண்ணாம்பைத் தடவி, காயவைத்து, மணலில் புதைப்பாள்.

கிழங்குக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து முனகுவார்கள். "அக்கா, போதும் அக்கா, அது எங்கப்பா கொடுத்தது." இவள் நிமிர மாட்டாள். "அழுகல் உங்கப்பாவுக்காக நிக்குமா? பாவம் பார்த்தா முழுசும் போயிடும். இருபது நாள் கழிச்சு வா. நடுவுல தோண்டிப் பார்க்கணும்னு வந்தா கையை ஒடைப்பேன்." இரண்டு மாதத்தில் புது இலையோடு தொட்டி வீடு திரும்பும். பிரயோங் கத்தியில் செத்த கிழங்கு இல்லை என்பது எங்கள் கரையில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அன்றைக்கு எண்பதாவது தொட்டியும் சுத்தமாக இருந்தது. அக்கா களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் அண்ணனின் பலகைக்குப் பக்கத்தில். அவள் முகம் பூட்ஸின் வாய்க்கு நேராக இருந்தது. பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"கிழவா, பூட்ஸைக் கழட்டு."

"தரை ஈரமா இருக்கு."

"கழட்டு."

"அப்புறம் கழட்டறேன். முதல்ல நுவான் கொண்டு வந்ததைத் தின்னு."

அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பூட்ஸ் வந்தது, உள்ளே சுற்றியிருந்த துணி வரவில்லை. காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி அதை உரித்தபோது எனக்குக்கூட அந்த வாசனை வந்தது. இரண்டு விரல் கரியாகக் கறுத்திருந்தது. புறங்கால் வரை பளபளவென்று வீங்கியிருந்தது. உடைந்த தொட்டியின் ஓடு குத்தி மூன்று வாரமாகிவிட்டதாம். மூன்று நாளாக இந்த மனுஷன், தன் காலில் இருப்பதை எண்பது தொட்டியில் அவளோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா திட்டவில்லை. அவள் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்கிட்ட சொன்னா என்ன சொல்லுவேன்னு தெரியாதா எனக்கு? வெட்டுன்னுதானே சொல்லுவே" என்றார் அண்ணன்.

மாகாண ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. மூடி மறைத்துப் பேசவில்லை. "ரெண்டு வழி இருக்கு. விரல்களையும் பாதி பாதத்தையும் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அழுகல் அதுக்கு மேலே போயிருந்தா மறுபடி வெட்டணும், அதுக்குள்ள விஷம் ரத்தத்துல ஏறிட்டா ஆளே போயிடுவாரு. இல்லேன்னா முழங்காலுக்குக் கீழே ஒரேயடியா எடுத்துடலாம். நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன். ஆனா இந்த உடம்புக்கு எதைச் செஞ்சாலும் ஆபத்து இருக்கு. நாளைக்குக் காலையில செய்யணும். சாயங்காலத்துக்குள்ள முடிவைச் சொல்லுங்க."

அண்ணன் கையெழுத்துத் தாளை வாங்கி, மடித்து, அக்காவிடம் நீட்டினார். "எந்த இடம்னு அவ சொல்லட்டும் டாக்டர். அவ சொன்னா நான் போடறேன்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "இவங்க நர்ஸா?" என்று கேட்டார். "அதுக்கும் மேலே" என்றார் அண்ணன்.

அக்கா தாளை வாங்காமல் வெளியே போய்விட்டாள். தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த பெஞ்சில் அவளைக் கண்டுபிடித்தேன். ஐஸ் காப்பி வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, மடியில், நீலக் கைலிமேல் எல்லாம் கொட்டியது.

"விரல் மட்டும் எடுக்கச் சொல்லிடறேன் நுவான். விரல் போதும். அவர் கால்வாய்ல இறங்கி நிக்கிறவரு."

"அக்கா, உனக்கே தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"உன் கத்தியில ஒரு கிழங்கு செத்திருக்கா? அந்தக் கையை நம்பித்தானே அவர் கேட்கறாரு" என்றேன், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

நான் அறைந்துவிட்டதைப்போல அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பத்துல மூணு செத்துப்போகும்."

"என்னது?"

"வெள்ளை தெரியுற வரைக்கும் சீவியும் செத்துப்போகும். மணலுக்குள்ளயே கூழாயிடும். விடியறதுக்கு முன்னாடி கால்வாய்ல வீசிட்டு, அதே ரகக் கிழங்கு என்கிட்ட ஒண்ணு இருக்கும், அதை வச்சுக் கொடுத்துடுவேன். ஒரே ரகம்னா இலையில ஒரு புள்ளிகூட மாறாது. யாருக்குத் தெரியும்? முதல்ல ஒரு விதவை அழக்கூடாதேன்னு செஞ்சேன். அப்புறம் பேரு வந்துடுச்சு. விட முடியல."

என் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. செத்துப்போன என் கூடப்பிறந்த அண்ணன் தன் கையால் நட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அது அழுகியபோது அக்காதான் சீவிக் கொடுத்தாள். அதற்கு நான் தினமும் குட்மார்னிங் சொல்கிறேன். அன்றைக்கு அவளிடம் அதைக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

"அவரு அந்தப் பொய்யை நம்பி என்கிட்ட காலைக் கொடுக்கறாரு" என்றாள் அக்கா. "இவரையும் வெட்டி, இவரும் அந்த மூணுல ஒண்ணா இருந்தா?"

அவள் எழுந்து வார்டுக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் கட்டில் ஓரத்தில் நின்று, எனக்குச் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். பத்தில் மூன்று. கால்வாய். மாற்றி வைத்தது. எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "கால்வாய்ல வலை போடறவன் நான். என் வலையில எத்தனை அழுகின கிழங்கு வந்திருக்கும்னு நினைக்கிறே?"

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மொத வருஷத்துலயிருந்தே தெரியும். நானும் திரும்பத் தண்ணியிலேயே விட்டுடுவேன், யாராவது பார்த்துடப் போறாங்கன்னு."

"தெரிஞ்சுமா என்கிட்ட கேட்டே? ஏன் கிழவா?"

"ஊரான் கிழங்கு செத்தா மாத்தி வைக்க உன்கிட்ட வேற இருந்துச்சு. எனக்குப் பதிலா வைக்க இன்னொண்ணு இல்லையே. அதனால இந்தத் தடவை சரியாப் பார்ப்பே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உதடு நடுங்கியது. அவருக்கும் பயம்தான். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை, ஆனால் நகரவும் இல்லை.

சாயங்காலம் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். காலையில் புறங்காலோடு நின்றிருந்த சிவப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. அக்கா கேட்டாள்: "உள்ளே எதுவரைக்கும் நல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"வெளியில இருந்து ஓரளவுதான் தெரியும். வெட்டற இடத்துல நல்லா ரத்தம் வரணும். வரலைன்னா இன்னும் மேலே போகணும்."

"அப்போ நீங்களும் வெட்டித்தான் தெரிஞ்சுக்கறீங்க."

"ஆமாம்மா. வெட்டித்தான்."

அக்கா குனிந்தாள். நர்ஸ் தடுக்க வந்தாள், டாக்டரம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார். விரல்களிடம் மோந்தாள். கணுக்காலிடம் மோந்தாள். ஆடுசதைக்கு வந்ததும் அதே இடத்தில் இரண்டு முறை மோந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது. பிறகு முழங்காலுக்கு ஒரு சாண் கீழே கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். கிழங்கில் கத்தி வைக்குமுன் குறி போடுவாளே, அதே மாதிரி.

"இங்கே" என்றாள். "கீழே ஒரு துளிகூட விடாதீங்க."

அண்ணன் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மூன்று மணிநேரம் காத்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், புத்தருக்கு நூறு அவித்த முட்டை நேர்ந்துகொள்ளச் சொன்னாள். அக்கா, "நேர்ந்துக்கிட்டு அவர் வரலைன்னா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடறது?" என்றாள். அவள் பைக்குள் சுண்ணாம்பு டப்பா இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் வைத்து மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்ததும், "வெள்ளையா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மாவுக்கு இந்தத் தடவை புரிந்துவிட்டது. "நல்லா ரத்தம் வந்துச்சும்மா. இனி காத்திருந்துதான் பார்க்கணும்."

இருபது நாள் தோண்டாதே என்று ஊரையே மிரட்டியவளுக்கு இருபது நாளும் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை வந்தது. ஒவ்வொரு முறையும் முகம் வெளுத்துவிடும். வெட்டுவாய் மூடியது.

இப்போது கிழங்கோடு வருகிறவர்களிடம், "பத்துல மூணு செத்துப்போகும், சம்மதம்னா வச்சுட்டுப் போ" என்கிறாள். பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அண்ணனுக்கு நான் பணியாரம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். என் ஜன்னல் தொட்டியைப் பற்றி மூன்று மழைக்காலமாகியும் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம்.

நேற்றுக் காலையும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் பலகையில் உட்கார்ந்து, வெட்டிய காலை நீட்டிக்கொண்டிருந்தார். மரக்காலைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து, ஆறி வழவழவென்றிருக்கும் அந்த முனையில் மூக்கை வைத்து மோந்தாள். தினமும் கூண்டுகளைத் திறக்கும் முன்பு அவளுக்கு இதுதான் முதல் வேலை.

"என்ன கிழவி, இருக்கேனா?"

அவள் இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான், "இன்னைக்கு இருக்கே" என்றாள்.