அப்பாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய மத்தியானம்

மஸ்கட்டில் மத்தியானம் ஒரு மணி ஆனால் கடைத்தெருவே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போய்விடும். நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் எனக்கு இது பழகவில்லை. நம் பாலக்கோட்டில் தக்காளி வண்டிகள் வந்து நிற்கிற நேரத்தில் ஒருவன் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போனால் பைத்தியம் என்பார்கள். அப்படி ஒரு மத்தியானத்தில்தான், மஸ்கட்டின் ரூவி கடைத்தெருவில் ஒரு வீடியோ கடைக்காரர் என்னை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்.

விஷயம் இதுதான். என்னிடம் உள்ளங்கை அளவு வீடியோ கேசட் ஒன்று இருந்தது. எண்பத்தேழில் எடுத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். அந்தக் கடையிலிருந்த டிஜிட்டல் கேம்கார்டர் பழைய கேசட்டையும் ஓட்டும். வயரைச் செருகினால் படம் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். ஆனால் ஒரு மணி நேரப் படம் ஏற முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். பார்க்காமலே ஏற்ற முடியுமா என்று என் அரைகுறை அரபியில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த மாதிரிப் படமெல்லாம் இங்கே செய்வதில்லை என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. ஐயா, அது என் அப்பா என்றேன். அவர் நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டார். அந்த வெட்கத்தில்தான் சாப்பாட்டு நேரத்திலும் கடையை என்னிடம் விட்டுப்போனார். வயரைத் தொட்டால் பதிவு அறுந்துவிடும், நான் வரும்வரை எதையும் தொடாதே என்றார். வெளியே பூட்டும் சத்தம் கேட்டது.

நான் பார்க்கப் பயந்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் அம்மா இறந்தபோது என் பாஸ்போர்ட் முதலாளியின் மேசைக்குள் இருந்தது. மாற்று ஆள் வரும்வரை போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். கெஞ்சினேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரே பிள்ளை நான். கொள்ளியைப் பங்காளி மகன் வைத்தான். அதற்குப் பிறகு அப்பாவிடமிருந்து ஒரு வரி இல்லை. எழுதத் தெரியாதவர்தான், ஆனால் பக்கத்து வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாமே. கோபமா, என்னை வெறுத்தே விட்டாரா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்தேன்.

என் அறையில் தங்கியிருந்த சலீம் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாப்பாரப்பட்டிக்காரன். அவனுக்கு லீவு கிடைத்தது. யாரிடமோ கேம்கார்டர் இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினான். அப்பாவைப் பேசவிட்டு எடுத்து வா, என்னைத் திட்டினாலும் சரி, கேசட் முழுக்க எடு என்று சொல்லியனுப்பினேன். திரும்பி வந்தவன் கேசட்டைக் கையில் கொடுத்து, "எல்லாம் அதுலயே இருக்குது, நீயே பாத்துக்க" என்றான். கேமராவை அதற்குள் உரியவரிடம் சேர்த்துவிட்டிருந்தான். அந்தக் குட்டிக் கேசட்டை ஓட்டிப் பார்க்க வேறு கேமரா தேடுவதற்குள், அப்பாவும் போய்விட்டார் என்று தந்தி வந்தது. அந்த முறையும் என்னை விடவில்லை. அதற்கப்புறம் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இப்போது அப்பா திரையில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், பின்னால் எங்கள் கரும்புக்காடு. "பேசுங்கப்பா, உங்க பையன் கேக்கறான்ல" என்று சலீமின் குரல் மட்டும் வந்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை. நேராக என்னையே பார்த்தார். பத்து நிமிடம் போனது, இருபது நிமிடம் போனது. சலீமும் சலித்துப்போய்க் கேட்பதை விட்டுவிட்டான். கோபம்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். நிறுத்தலாமென்றால் வயரைத் தொடக்கூடாது. எழுந்து ஓடலாமென்றால் ஷட்டர் பூட்டியிருந்தது. அம்மாவுக்கு வராதவனை அப்பா மணிக்கணக்கில் விசாரிப்பது போலிருந்தது.

அப்புறம்தான் அவர்களுடைய கல்யாணப் போட்டோ நினைவுக்கு வந்தது. பாலக்கோட்டில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அசையாதீர்கள் என்று சொல்லியும் அப்பா ஏதோ பேசப்போக, அவர் முகம் மட்டும் கலங்கலாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்ன என்று அம்மா கடைசிவரைக்கும் அதைச் சொல்லிக் குத்திக்காட்டுவாள். அட அப்பா, இதையும் போட்டோ என்றே நினைத்துவிட்டீர்களா! சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு நாள்கணக்கில் வரிசையில் நின்றவருக்கு இந்த ஒரு மணி நேரம் ஒரு பொருட்டா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கேசட் முடியப்போகிற நேரத்தில், போதும், கால் வலிக்கப்போகிறது, உட்காருங்கள் என்று சலீம் சொல்வது கேட்டது. அப்பாவின் உதடு அசைந்தும் அசையாமலும் இருந்தது.

"அவன உட மாட்டேங்கறாங்க, அவன் என்ன பண்ணுவான். நல்லாப் பாக்கட்டும் சலீமு. இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கறேன்."

இருபது வருஷம் இந்த வார்த்தையை ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருந்திருக்கிறேன். அப்பா நிற்கும்போது நான் உட்கார்ந்ததே கிடையாது. எழுந்து நின்றேன். படம் முடிந்து திரை வெறும் நீலமானது, அதற்குப் பிறகும் உட்கார முடியவில்லை. நான்கு மணிக்கு ஷட்டர் ஏறியது. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நான் கைகட்டி நிற்பதைப் பார்த்த கடைக்காரர், நாற்காலி சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.