தலைமாட்டில் நின்றவள்

விடுதிக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சிறுமி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எங்கம்மாவப் பாக்க வாரீகளா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாயும் தகப்பனும் இல்லாத பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்த விடுதி என்று காலையில்தான் விடுதித் தலைவியான மதர் எனக்கு விளக்கியிருந்தார். இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் சேர்க்க மாட்டார்களாம். சேர்த்த பிறகு தெரியவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இடம் குறைவு, கேட்டு வருகிறவர்கள் அதிகம், அதனால் அந்தக் கண்டிப்பு. அப்படியிருக்க இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தாள் அம்மா?

நான் மலேசியாக்காரி. ஈப்போ பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து, வயதுக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிக்கொண்டவள். எங்கள் பங்குக் கோயில் மூலமாக இந்த விடுதியைப் பற்றித் தெரிந்து, சில மாதம் ஊழியம் செய்யலாம் என்று விமானம் ஏறினேன். ஆண்டவர் அழைத்தார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லோரோடும் சண்டை பிடிப்பேன் என்பதும் ஒரு காரணம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாராவது பொய் சொன்னால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்து கப்பலேறினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆகவே பூர்வீக மண், கண்ணீர் என்பதெல்லாம் எனக்கு வரவில்லை. கூடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இடுப்பு வலிதான் வந்தது.

விடுதி கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் போகும் வழியில், கால்வாயை ஒட்டி இருந்தது. முன்னால் திராட்சைப் பந்தல்கள். பின்னால் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மலை. வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கும். நான் செருப்பைச் சப்பாத்து என்று சொன்னதைக் கேட்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குள் ஒட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்திதான் இவள். மூன்றாவது படிக்கிறவள், இரட்டைச் சடை, சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும்.

அவள் என்னைக் கால்வாய்க் கரையோடு கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒரு இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும்தான் அது கல்லறைத் தோட்டம் என்று எனக்குப் புரிந்தது. சுவரோரம் இருந்த ஒரு பழைய கல்லறையின் மேல் கையை வைத்து, "இதுதான் டீச்சர் எங்கம்மா" என்றாள்.

குனிந்து பார்த்தேன். சிலுவையில் பொறித்திருந்தது ஓர் ஆணின் பெயர்.

"இது ஆம்பளைப் பேராச்சே?"

"ஆமா டீச்சர். பரவால்ல. எங்கம்மா கோவிச்சுக்கிடாது."

நான் ஓரடி பின்னால் வைத்தேன். "ஐயோ, எங்கப்பா மேல நிக்கிறீகளே!" என்று இன்னொருத்தி கத்தினாள். துள்ளி விலகினேன். சுற்றிப் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கல்லறையில் இருந்தது. ஒருத்தி தன் அம்மாவிடம் எவளோ ஹேர்கிளிப்பைத் திருடிவிட்டாள் என்று முறையிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் யார் அம்மாவுக்குச் சுண்ணாம்பு அதிகம் பூசியிருக்கிறது என்று சண்டை போட்டார்கள். ஆகச் சின்னவள் கல்மேல் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அம்மா சூடா இருக்கு" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. பட்டப்பகல், உச்சிவெயில், சுற்றிலும் குழந்தைகள் சிரிக்கிறார்கள். ஆனாலும் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. செத்தவர்கள் நடுவே நிற்பதில் எனக்கு ஒன்றுமில்லை, எத்தனையோ அடக்கத்துக்குப் போயிருக்கிறேன். முன்பின் தெரியாத செத்தவர்களிடம் இந்தப் பிள்ளைகள் இவ்வளவு உரிமையோடு பேசியதுதான் என்னை என்னவோ செய்தது. யாரோ ஒருவருடைய அப்பாவும் தாத்தாவும் இங்கே படுத்துக்கொண்டு, இவள் அம்மாவாகவும் அவள் அம்மாவாகவும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

விடுதியின் இளைய சிஸ்டர் பிறகு விவரம் சொன்னார். முன்பு ஒரு கல்லறைத் திருநாளில், ஊரெல்லாம் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு பிள்ளை தனக்கு ஏற்ற இடமில்லை என்று அழுதிருக்கிறது. அதைப் பார்த்த பங்குச் சாமியார், ஆள் வந்து பார்க்காத பழைய கல்லறைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கழுவிப் பெருக்குவதும் சுண்ணாம்பு அடிப்பதும் பிள்ளைகள் வேலை. "இதுக நல்லாப் பாத்துக்குதுக டீச்சர். சொந்தக்காரவுகளே இப்பிடிப் பாக்க மாட்டாக" என்றார் சிஸ்டர் பெருமையாக. நானும் நல்ல காரியம்தான் என்று தலையாட்டி வைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. பிள்ளைகளோடு தினமும் போய் நானும் புல் பிடுங்கினேன். பயம் மெல்ல விட்டுப்போனது. அப்படித்தான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடையை அங்கே மறந்து வைத்துவிட்டது நினைவுக்கு வர, எடுத்துவரத் தனியாகப் போனேன்.

கதவைத் தள்ளியதும் அவளைப் பார்த்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. நம் சிறுமியின் கல்லறையில், சிலுவைக்குப் பின்னால், சுவருக்கும் சிலுவைக்கும் நடுவே இருந்த சின்ன இடுக்கில் நின்றுகொண்டிருந்தாள். செபிக்கவில்லை, அழவில்லை. கல்லறையின் கால்பக்கத்தைப் பார்த்தபடி, யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருப்பவள் போல அசையாமல் நின்றாள். கல்லுக்கு அடியிலிருந்து எழுந்து நின்றால் ஒருவர் சரியாக அங்கேதான் நிற்பார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அங்கே நிற்க முடியவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, குடையாவது ஒன்றாவது என்று திரும்பி நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம்.

விடுதியில் சமையல் செய்கிற அக்கா பக்கத்து ஊர் விவசாயி வீட்டுப் பெண். எங்கள் மாதா கோயிலுக்கு வராதவள், ஆனால் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் தினமும் வயலுக்குப் போகிறவள். அவளிடம் கேட்டேன்.

"தலைமாட்டுலயா?" என்று அரிவாள்மணையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அங்கன யாரும் நிக்க மாட்டாகளே டீச்சர். கால்மாட்டுல நின்னுதான் கும்பிடுவாக. தலைமாட்டுல சிலுவை நிக்கும், மனுச மக்க நிக்க மாட்டாக."

"நான் பார்த்தேனே!"

"பாத்தது மனுசியா இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே சொல்லாதவள் போல வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். அன்றிரவு விளக்கை அணைக்காமல் படுத்தேன். பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான்.

கல்லறைத் திருநாள் காலையில் உறவுக்காரர்கள் வந்து பிள்ளைகளைப் பார்க்கலாம். மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்கள் ஜீப்பில் தொங்கிக்கொண்டு இறங்கினார்கள். சிறுமி என்னிடம் ஓடி வந்து, "டீச்சர், எங்க சித்தி வந்திருக்கு!" என்று ஒருத்தியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

அதே முழுக்கைச் சட்டை. தலையில் துணி மட்டும் இல்லை. நான் ஓரடி பின்வாங்கினேன். ஆனால் அவள் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு பொட்டலம் மல்லிகைப்பூவும் இருந்தன, காலில் அட்டை கடித்த புண்ணும் இருந்தது. பேய்க்கு அட்டை கடிக்காது. எனக்கு மூச்சு வந்தது. சிரித்தாள். அவளுக்கும் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. சித்திதானே, சாயல் இருக்காதா என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும் முன் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். பிள்ளைகளின் பெற்றோர் பெயர்களைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பை மதர் என்னிடம் கொடுத்திருந்தார். சிறுமி விளையாடப் போனதும் நான் கேட்டேன். "உங்க அக்கா பேரு என்னம்மா? இந்தப் பிள்ளைக்குத் தெரியல. பூசையில வாசிக்கச் சொல்றேன்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "வேணாம் டீச்சர்."

"ஏன் வேணாம்? பிள்ளை ஆசைப்படுதில்ல?"

"வேணாம். செத்தவுக பேரோட அந்தப் பேர வாசிச்சிராதீக. உசுரோட இருக்கிறவ பேர..." என்று சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். இருவருக்கும் புரிந்துவிட்டது.

அவளைத் திராட்சைப் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். மெதுவாகத்தான் கத்தினேன், ஆனாலும் கத்தினேன். பெற்ற தாய் குத்துக்கல்லாட்டம் இருக்க, ஒரு குழந்தையை அனாதையாக்கி, எவனோ ஒருவன் கல்லறையைக் காட்டி அம்மா என்று கும்பிட வைத்திருக்கிறாயே, உனக்கு நெஞ்சு இருக்கிறதா என்று கேட்டேன். இப்போதே மதரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே போயிருப்பேன்.

அவள் தடுக்கவில்லை. "சொல்லுங்க டீச்சர். சொன்னா இன்னைக்கே எங்கூட ஜீப்புல ஏத்தி அனுப்பிருவாக. இவ அப்பா மரம் விழுந்து செத்தப்ப இவ இம்புட்டூண்டு இருந்தா. லயத்து வீட்டுல போட்டுட்டுக் காட்டுக்குள்ள போகணும். சுத்தியும் குடிகாரப் பயலுக. ராத்திரியில கதவுக்குத் தாழ்ப்பா கெடையாது. இங்கன வந்து கேட்டா, அம்மா இருக்கால்ல, சேக்க முடியாதுன்னுட்டாக. மறு மாசம் வந்து, அவளும் செத்துட்டா, நான் தங்கச்சின்னு என் வாயாலயே சொன்னேன். வேற சிஸ்டர் இருந்தாக, சேத்துக்கிட்டாக. இப்ப இவ இங்கிலீசு வாசிக்கிறா டீச்சர். அனுப்பிட்டாகன்னா நாளைக்கு எங்கூட ஏலக்காய் எடுக்கத்தான் வரணும்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அன்னைக்கு ஏன் சிலுவைக்குப் பின்னால நின்ன?" என்று மட்டும் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம லீவுல எறங்கி வந்து, சரியா நிக்க முடியுதான்னு பாத்தேன். புதுசாச் செவரு கட்டியிருக்காகல்ல." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "வருசா வருசம் அங்கனதான் நிப்பேன். பிள்ளை சிலுவையப் பாத்துத்தான பேசும்? பின்னால நின்னா, என்னயப் பாத்து 'அம்மா'ன்னு சொல்ற மாதிரி இருக்கும். மத்த நாளெல்லாம் சித்திதான்."

நான் மதரிடம் போகவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை. மதரின் அறை வாசல்வரை இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். பத்துக் கட்டளையைச் சின்னப் பிள்ளையிலேயே மூச்சு விடாமல் ஒப்பித்தவள் நான். பொய்யைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவளும் பொய் சொல்கிறவள்தான் என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறேன். வெளியே மைதானத்தில் அந்தப் பிள்ளை தன் சித்தியின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் தூறல் விட்டிருந்தது. மலைமேல் மேகம் இறங்கி, பாதி வெளிச்சத்தில் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி எரிந்தது. காற்றுக்கு அணையாமல் பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். பெயர்கள் வாசித்தாகிவிட்டது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வர, மதர் வாளியோடு அவர் பின்னால் வந்தார். நான் சிறுமியின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றேன். சிறுமி கால்மாட்டில் முழங்காலிட்டிருந்தாள். அவள் சித்தி சிலுவைக்குப் பின்னால் இடுக்கில் நின்றாள். மெழுகுதிரி வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்க, ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே உருவம். எல்லாம் தெரிந்த பிறகும் என் கை தானாகச் சிலுவை அடையாளம் போட்டது.

சிறுமி மல்லிகையைக் கல்லில் பரப்பினாள். பிறகு பேசினாள். "அம்மா, சித்தி வந்திருக்கு. பிஸ்கட் வாங்கிட்டு வந்துச்சு. அம்மா, எனக்கு ஒரு பல்லு விழுந்துருச்சு. அம்மா, மலேசியா டீச்சர் வந்திருக்காக, செருப்பச் சப்பாத்துங்கிறாக." ஒவ்வொரு 'அம்மா'வுக்கும் சிலுவைக்குப் பின்னாலிருந்த முகம் கொஞ்சம் முன்னால் வந்தது.

"அம்மா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் தாயி."

பின்னால் நின்றவள் நினைத்துச் சொன்னதல்ல அது. பிள்ளை கேட்டாள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கல்லறைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கல்லைப் பார்த்தார்கள். அடுத்த வரிசையில் மதர் நின்றுவிட்டார்.

"யாரது? தாயின்னு யாரு சொன்னது?" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார்.

நான் என் தொண்டை கிழிய 'அருள் நிறைந்த மரியே' செபத்தை ஆரம்பித்தேன். மதர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. பிள்ளைகள் பழக்கத்தில் மறுபாதியைப் பிடித்துக்கொண்டார்கள், அடுத்த வரிசையும் சேர்ந்துகொண்டது. நடுவில் யாரும் பேச இடமில்லாமல் ஒன்று முடியும் முன்னே அடுத்ததைத் தொடங்கினேன். வேறு வழியில்லாமல் மதரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்.

சிறுமி திடுக்கிடவும் இல்லை, செபத்தில் சேரவும் இல்லை. சிரட்டையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, சிலுவையைவிட்டுக் கண்ணை உயர்த்திப் பின்னால் நின்றவளின் முகத்தைப் பார்த்து, அந்தச் சத்தத்துக்குள் அவளுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"என்ன கொழம்பும்மா?"