முகம் தேய்ந்த சலவைக்கல்

அக்காவின் ஒரே மகன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனான். பிறகு அவள் கனடாவுக்கு வந்துவிட்டாள். மல்வேர்னில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். எங்கள் மன்னாரில், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் நாளுக்குக் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். இங்கே அன்றைக்கு மட்டும் அக்கா மாதா கோவில் பக்கமே போகமாட்டாள். மகனின் பெயரையும் பூசைக்குக் கொடுக்கச் சொல்லி யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

ஒரு வருடம் அதே நாளில் அவளைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது, கார் நிறுத்தியிருந்த தெருவிலேயே கல்லறைகள் நிறைந்த விக்டோரியா ராணி காலத்துச் சவக்காலை ஒன்று இருந்தது. உள்ளே போய்ப் பார்ப்போம் என்றாள்.

மேப்பிள் மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய சலவைக்கல் கல்லறை. மேலே ஓர் இளைஞன் படுத்திருப்பதுபோலச் செதுக்கியிருந்தார்கள். யாரோ ஒரு வியாபாரி, சின்ன வயதில் இறந்த தன் மகனுக்காகக் கட்டியது என்று பக்கத்துப் பலகையில் இருந்ததை அவளுக்கு வாசித்துச் சொன்னேன். மழையும் பனியும் தின்று மூக்கும் கண்ணும் அழிந்துபோயிருந்தன.

அக்கா அந்த முகத்தைத் தடவினாள். "ஆருடைய பிள்ளை எண்டு தெரியேல்லை, என்ன?" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்தாள். எப்போது வாங்கி வைத்தாளோ, எனக்குத் தெரியாது. கல்லின் கால்மாட்டில் கொளுத்தி வைத்து, மகனின் பெயரைச் சொல்லி, இறந்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி செபத்தைத் தொடங்கினாள். அவனுக்காக அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

செபம் முடியுமுன் காவலாளி வந்துவிட்டார். புகையும் மெழுகும் சலவைக்கல்லில் ஊறினால் எடுக்க முடியாது, அணைத்துவிடுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. நான் குனிந்து அணைத்தேன்.

கார் மல்வேர்னுக்குக் கிட்ட வந்தபோது சொன்னாள்.

"இவ்வளவு காலமும் அவனைச் செத்தவன் எண்டு நான் சொன்னதில்லை, தம்பி. இண்டைக்குத்தான் சொன்னனான். அதுக்கும் இடமில்லை."

அடுத்த வருடம் அந்த நாள் நெருங்கியபோது அக்காவுக்குப் போன் எடுத்து, வேறு எங்காவது போவோமா, எங்கள் கோவிலிலேயே கொளுத்தலாமே என்று கேட்டேன்.

"வேண்டாம். எனக்கு ஒருத்தரும் சாகேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.