படிக்கட்டின் சாட்சி

வெர்னுவால் ஊர் ஆட்சியர் மாளிகைக்கு முன்னால் பூமியில் கட்டடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பிரமிடுகள் அதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வெட்கத்தில் பாலைவனத்துக்கு ஓடிப்போனவை. கூரை விளிம்பின் துத்தநாகப் பூவேலையில் மேகங்கள் மாட்டிக் கிழிவதால்தான் ஊரில் மழையே பெய்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள், வாசல் அறையில் குடியிருந்த உகெத் மலவாலைத் தவிர. அவள் மட்டும் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொள்வாள்.

உகெத் இளம் வயதில் அங்கே துணி வெளுக்க வந்தாள். வாயிற்காவலன் அர்மானைக் கட்டிக்கொண்டாள். அவன் செத்துப்போன பிறகு சாவிக்கொத்தும் அறையும் அவளுக்கு வந்தன. அதை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு கதவு கிடையாது.

அறை இருந்தது பெரிய படிக்கட்டுக்கு நேர் கீழே. பேரரசர் காலத்து ஆட்சியர் ஒருவர், பக்கத்து ஊர்க்காரன் மூக்கு அறுபட வேண்டும் என்பதற்காகவே, கீழே ஒரு தூண்கூட இல்லாத கல் படிக்கட்டு வேண்டும் என்று கேட்டுக் கட்டியது. ஒவ்வொரு படியும் ஒரு முனையைச் சுவருக்குள் செருகி, மறுமுனையை அந்தரத்தில் நீட்டி, கீழ்ப்படியின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பேரரசு கவிழ்ந்ததும் குடியரசுக்காரர்கள் உளியோடு வந்து, சுவரெங்கும் இருந்த அவர் முத்திரையைக் கொத்தி எடுத்தார்கள். படிக்கட்டை விட்டுவிட்டார்கள். அது தன்பாட்டுக்குத் தொங்கியது.

ஒரு கோடையில் மழை பொய்த்தது. மண் சுருங்கியது. படிகள் செருகியிருந்த சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல் விட்டது. கட்டடக் கலைஞர் தெலூச் வந்து பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சாந்தை அப்பி, ஈரத்தோடு ஆணியால் தேதியைக் கீறினார். கொத்தனார்கள் இதைச் 'சாட்சி' என்பார்கள். சுவர் அசைந்தால் சாட்சி உடையும்.

"உடைஞ்சா என்ன செய்வீங்க, முசியே?"

"இந்தப் பக்கத்தையே பூட்டிடுவோம், மதாம் மலவால். உங்க அறையும் சேர்த்துத்தான்."

"அப்போ நான்?"

"அட, இந்தப் படி உங்க முழங்காலைவிட கெட்டி. சும்மா இருங்க."

சில நாள்தான் போயிருக்கும். அவள் வெங்காய சூப் கிளறிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே, யாரோ காய்ந்த ரொட்டியைக் கடித்தது போல ஒரு சத்தம். ஏறிப் பார்த்தாள். சாட்சி இரண்டாகக் கிடந்தது.

கடையில் போய்ச் சாந்துப்பொடி வாங்கிவந்தாள். பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அப்பி, கொண்டையூசியால் அதே தேதியைக் கீறினாள். தெலூச் வந்தார், விரலால் தட்டினார், "இரும்பு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி உடைந்தது. மறுபடி பூசினாள். கட்டிலை வாசலோரம் இழுத்துப் போட்டாள், செருப்போடு படுத்தாள். மேலே யாராவது நடந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் இறங்கி முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வாள். சொன்னால் தெரு. சொல்லாவிட்டால் தலையில் கல். இரண்டுக்கும் நடுவே ஒரு குளிர்காலம் ஓடியது.

குடியரசு விழா நாளான ஜூலை பதினான்கு வந்தது. மூவர்ணக் கொடி ஏறியாகிவிட்டது. வாத்தியக்காரர்கள், மேயர், தீயணைப்புப் படை, பாதி ஊர், எல்லோரும் மேல் மண்டபத்துக்கு விருந்துக்கு ஏறப்போகிறார்கள். காலையில்தான் சாட்சியைப் பார்த்தாள். மறுபடி உடைந்திருந்தது. இந்த முறை பிளவுக்குள் அவள் சுண்டுவிரல் நுழைந்தது.

விரலை வெளியே எடுத்தவள் பூசவில்லை. துடைப்பக் கட்டையோடு இறங்கிவந்து முதல் படியில் குறுக்கே நின்றாள்.

"தள்ளு உகெத், ஷாம்பெயின் சூடாகுது!" தீயணைப்புத் தலைவர் பெர்தியே தன் தொந்தியை முன்னே விட்டு வந்தார்.

"ஏறாதீங்க."

"ஏன், படிக்குப் போட்ட மெழுகு காயலியா?"

"உங்க வயிறு ஒண்ணு போதும், எல்லாரும் சமாதிக்குப் போயிடுவோம்."

கூட்டம் சிரித்தது. தெலூச் மட்டும் சிரிக்கவில்லை. "சாட்சி நல்லாத்தானே இருக்கு, மதாம்?"

"அது உங்க சாட்சி இல்ல, முசியே. உங்களோடது போன வருஷமே செத்துப்போச்சு. நான்தான் ஒவ்வொரு தடவையும் பூசினேன். போய்ப் பாருங்க. சுவரோரமா போங்க."

அவர் ஏறினார். இறங்கிவந்தபோது முகம் சாந்தைவிட வெளுத்திருந்தது. விருந்து முற்றத்து மரத்தடிக்குப் போனது. அன்று மாலையே முட்டுக் கொடுக்க ஓக் மரத்தூண்கள் வந்தன. அவற்றில் ஒன்று, அவள் கட்டில் கிடந்த இடத்தில் இன்னும் நிற்கிறது. உகெத்துக்கு ரொட்டிக்கடை மாடியில் ஓர் அறை கிடைத்தது. சாளரத்தைத் திறந்தால் மாவு வாசம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படுக்கிறாள்.

ஊரே தள்ளியும் அன்று அவள் பாறை போல அசையாமல் நின்றாள் என்று இங்கே கதையை முடித்து, அவளிடம் வாசித்துக் காட்டினேன். உகெத் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாறையா? டேய் புளுகா, பயத்துல பாவாடையோட ஒண்ணுக்குப் போயிட்டேன்டா. நீதானே உன் சட்டையைக் கழட்டி என் இடுப்புல கட்டிவிட்ட? அதைக் கதையில எங்க ஒளிச்சே?"