டேப்லெட் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்

போன வாரம் அதே செல்போன் கடைக்கு இரண்டாவது முறையாகப் போனோம். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"இன்னாம்மா, அன்னிக்கி வாங்கிகினு போன ஈ-ரீடர்ல எதனா கோளாறா?"

அதில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என்னிடம்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு எதையும் நிதானமாகச் சொல்லித்தான் பழக்கம், இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிற உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் முப்பது வருஷம் சேல்ஸ்மேனாக இருந்தவர். பேச்சுதான் எங்களுக்குச் சோறு போட்டது. வாங்கும் எண்ணமே இல்லாமல் மழைக்கு ஒதுங்கியவர்களைக்கூட இரண்டு சேலையோடு அனுப்பி வைப்பார். அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. குரல் தங்கவில்லை. வீட்டுக்கு வரும்போது கழுத்தில் ஒரு துவாரம், கையில் ஒரு நோட்டு. சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் எழுதிக் காட்டுவார்.

சென்னையில் இருக்கும் மகன் போனில் சொன்னான்: "அப்பாவுக்கு ஒரு ஈ-ரீடர் வாங்கலாம்மா. பொஸ்தகம் படிக்கறதுக்குன்னே இருக்குது. கண்ணு வலிக்காது. நிம்மதியா படிச்சிகினு இருப்பாரு."

மகள் கவிதா எங்களோடு இருப்பவள். காலையில் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "டேப்லெட்டே வாங்கலாம். வீட்ல எல்லாருக்கும் ஆகும். அப்பா விரலால எழுதினா அது வாய்விட்டுப் படிச்சிக் காட்டும். நான் வேலைக்குப் போய்ட்டா நீ இன்னா பண்ணுவ?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குச் சுருக்கென்றது.

"இன்னா பண்ணுவனா? அவரு எழுதறத எனக்குப் படிக்கத் தெரியாதா? என் புருஷன் சொல்றத ஒரு மிஷின் வந்து எனக்குச் சொல்லணுமா?"

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இந்தப் பத்தியைக்கூட நான் சொல்லச் சொல்லக் கவிதாதான் எழுதுகிறாள். பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன். பேப்பரில் தலைப்பைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அவருடைய கையெழுத்தோ ஓட்டமான கையெழுத்து... ஒரு வரிக்கே கால் மணி நேரம் வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் அதை அவரிடம் ஒத்துக்கொண்டதே இல்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நிதானமாகப் படிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

கடையில் இரண்டையும் கேட்டு வாங்கி வாசலுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் டியூப்லைட்டில் யாரும் சேலை வாங்க மாட்டோம். வெயிலில் பிடித்துக் கலர் பார்ப்போம். வெயிலில் டேப்லெட்டில் என் முகம்தான் தெரிந்தது. ஈ-ரீடரில் எழுத்து, அச்சடித்த காகிதம் மாதிரி பளிச்சென்று நின்றது.

"பாத்தியாடி?" என்றேன்.

"அப்பா வெயில்லயா உக்காரப் போறாரு?" என்றாள் கவிதா. நான் காதில் வாங்கவில்லை. வெயில் எனக்குக் கிடைத்த ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

வாங்கி வந்த முதல் வாரம் படித்தார். பிறகு தலையணைக்குக் கீழே போட்டுவிட்டார். வேறென்ன செய்வார்? படித்ததைப் பற்றிப் பேச ஆள் வேண்டாமா?

பகலில் நாங்கள் இருவர்தான். நோட்டை நீட்டுவார். நான் எழுத்தைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். கண் மேலே போனால் ஃபேன். வாசல் பக்கம் போனால் யாரோ வந்திருக்கிறார்கள். ஒன்றும் பிடிபடவில்லை என்றால், "ஆமாங்க... சரிங்க..." என்று தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். இப்படியே இரண்டு மாதம்.

போன ஞாயிற்றுக்கிழமை கவிதா கேட்டாள்: "ஏம்மா, அப்பா பதினஞ்சி நாளா நோட்ல ஒண்ணுமே எழுதல?"

"எழுத இன்னா இருக்குது? கேக்காமயே எல்லாம் செய்யறேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் நோட்டை எடுத்துப் பிரித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைப் படித்தாள்.

'நான் செத்துப்போனால் உனக்கு நிம்மதிதானே?'

அந்த மத்தியானம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். நோட்டை நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். சிரித்தேன் வேறு. "ஆமாங்க, அதான் சரி" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனசு நிறைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த காயை எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டாவது கடைப் பயணம். டேப்லெட் வாங்கி வந்து அவர் மடியில் வைத்தோம். அரை நாள் தொடவே இல்லை. சாயங்காலம் விரலால் எழுதினார். ஒரு பெண் குரல், பள்ளிக்கூடத் தமிழில் கேட்டது: "நோட்டு எங்கே?"

"கவிதாகிட்ட இருக்குதுங்க. படிச்சிக் காட்டினா." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எனக்கு உங்க கையெழுத்து படிக்க வராதுங்க. அன்னிக்கும் வரல, இன்னிக்கும் வரல. அப்டில்லாம் எனக்கு நெனப்பே கெடையாது."

ரொம்ப நேரம் எழுதினார். பிறகு எல்லாவற்றையும் அழித்தார். கடைசியில் அந்தப் பெண் சொன்னாள்: "டீ."

போட்டுக் கொடுத்தேன். குடித்தார். நம்பினாரா? மகள் படித்துக் காட்டிய பிறகு சொல்கிற பதிலை யார்தான் நம்புவார்கள்?

உங்கள் வீட்டுக்கு இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், கடைக்குப் போவதற்கு முன் அவரவருக்கு வராததை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மற்றதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

அந்தக் கேள்வியை அவர் இன்னும் திரும்பக் கேட்கவில்லை... 'இல்லை' என்று சொல்ல, தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.