தூண்மேல் ஏறிய சலூன்

ஊரிலுள்ள மீசைகளையெல்லாம் கத்தரித்து ஒதுக்கிவிட்டுத் தன் உதட்டின்மேல் ஒரு முடிகூட வைத்துக்கொள்ளாதவர் என்பதால், அவரை எல்லோரும் ‘மீசைக்காரர்’ என்றே கூப்பிட்டார்கள். ஆற்றோரத் தெருவில் முன்னால் சலூன், பின்னால் வீடு. அந்த வீட்டில்தான் அவர் மனைவி செத்துப்போனாள். வெள்ளம் வாசற்படி ஏறிய மத்தியானம், தையல் மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்க உள்ளே ஓடினாள். சுவரில் முழங்காலுக்குக் கீழே இருந்த பிளக்கைத் தண்ணீர் தொட்டிருந்தது. அவ்வளவுதான்.

மீசைக்காரர் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல் நாட்கள் நகர்ந்தன.

அந்தத் தெருவில் இனி தூண்மேல்தான் கட்ட வேண்டும், வெள்ளம் தொட்ட கோட்டுக்கு மேலேதான் தளமும் கரண்டும் என்று நகராட்சி விதி போட்டது. பலர் முணுமுணுத்தார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மனைவியின் தம்பி கொத்தனார், அவனே கட்டிக்கொடுத்தான்.

“பிளக்கெல்லாம் எங்க வைக்கட்டும், மாமா?”

அவர் தலைக்கு மேலே கை நீட்டிக் காட்டினார்.

“தளமே உசரத்துலதான இருக்கு. அவ்ளோ மேல தேவையில்ல.”

“அங்கயே வை, மாப்ள.”

கொத்தனார் அவர் காட்டிய இடத்திலேயே சுவரைக் கொத்தினான்.

கடை திறந்தது. படியேற முடியாத பெரியவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

“முடி வெட்டிக்க மலை ஏறணுமாப்பா?” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

மீசைக்காரர் ஒரு நாற்காலியைக் கீழே கொண்டுவந்து தூண்களுக்கு நடுவில் போட்டார். காற்றில் முடி பறக்கிறதே என்று சுற்றிலும் தகரம் அடிக்கத் தொடங்கினார். கட்டட மேற்பார்வைக்கு வந்த பெண் அதிகாரி பார்த்துவிட்டாள்.

“அடைக்காதீங்கண்ணே. தண்ணி வந்தா இதுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போகணும். மறிச்சா தூணையே சாய்ச்சிடும். நாற்காலி இருக்கட்டும், மழைன்னா மேல ஏத்திடுங்க.”

“சரிம்மா.”

தகரத்தைக் கழற்றினார்.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு மறுபடி தெருவுக்குள் வந்தது. பழுப்புத் தண்ணீர் தூண்களுக்கிடையே புகுந்து மறுபக்கமாகப் போனது. அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் அவர் கடையில்தான் ஒண்டியிருந்தார்கள்.

“நல்லவேளை, இப்படிக் கட்டினீங்க” என்றாள் எதிர்வீட்டுக்காரி. நல்ல மனசோடுதான் சொன்னாள்.

“ம்” என்றார். சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கொத்தனார் சேறு வார வந்தான். பாதி வேலையில் தூணைப் பிடித்துக்கொண்டு, “அக்கா” என்று விம்மி அழுதான். மீசைக்காரர் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார், யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவர்போல. பிறகு மண்வெட்டியை வாங்கி மீதிச் சேற்றை வாரினார்.